ஒரு முதிய குதிரை, ஐந்து பிள்ளைகள்

2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய மன்றத்தின் கதை அன்றோடு நின்றது. எட்டு மாதம் முடிவதற்குள், 2025 மே 31ஆம் தேதி, பினாங்கு பந்தய மன்றமும் தன் கடைசிப் பந்தயத்தை நடத்திவிட்டுத் திடலை மூடியது. அது 1864இல் பிறந்த மன்றம். தீபகற்ப மலேசியாவில் இன்று மிஞ்சியிருக்கும் பந்தயத் திடல்கள் ஈப்போவிலும் சுங்கை பீசியிலும்தான் இருக்கின்றன. மூடப்பட்ட நிலத்தில் என்ன எழும்பும் என்று எல்லாரும் கேட்டார்கள். ஓடி ஓய்ந்த குதிரைகள் எங்கே போகும் என்பதும் அதே அளவு அவசரமான கேள்வி.

கணக்கு எளிது. பந்தயக் குதிரை இரண்டு, மூன்று வயதில் ஓடத் தொடங்கும். ஏழெட்டு வயதில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நன்றாகப் பராமரித்தால் அதன் ஆயுள் 25இலிருந்து 30 ஆண்டு வரை போகும். இங்கிலாந்தில் ஓல்ட் பில்லி என்ற ஒரு படகு இழுவைக் குதிரை 1760இல் பிறந்து 1822 வரை, 62 ஆண்டுகள், வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அது விதிவிலக்கு. ஆனால் சாதாரணக் குதிரைக்கும் வாழ்வின் பெரும்பகுதி பந்தயம் முடிந்த பிறகுதான் வருகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள். அந்த ஆண்டுகளை யாரோடு, எப்படிக் கழிக்கிறது என்பதில்தான் அதற்கு நாம் காட்டும் மரியாதை தெரியும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சாந்தமான, வயதான குதிரை ஒன்றை நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து பகிர்ந்துகொள்வது. பணம் கட்டி மணிக்கணக்கில் ஏறி இறங்குவதைப் பற்றிய பேச்சு அல்ல இது. அந்தக் குதிரையின் தீனி, குளம்பு, குளியல், நோய், ஓய்வு எல்லாவற்றிலும் பங்கு வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் அதன் முதுகில் ஏறும் உரிமை பெறுவது. அந்தப் பிள்ளைகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளையும் கிள்ளான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

இன்று அந்தப் பிள்ளை உயிருள்ள குதிரையை எங்கே பார்க்கிறது? முனீஸ்வரர் கோவில் வாசலில் நிற்கும் சுதைக் குதிரையை அது கைக்குழந்தையாக இருந்தபோதே பார்த்துவிடுகிறது. மதுரை வீரனின் வெள்ளைக் குதிரையையும் தெரியும். திருவிழாவில் குதிரை வாகனத்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கும். மூச்சு விடும் குதிரை என்றால், அரண்மனை வாசல்தான். முன்பு ஜாலான் டூத்தா எனப்பட்ட சாலையில் இஸ்தானா நெகாராவின் முன்னால் குதிரைமேல் அசையாமல் காவல் நிற்கும் வீரர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம். 2011இல் அரண்மனை அங்கே மாறுவதற்கு முன்பு, பழைய இஸ்தானா நெகாரா பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்துக் குன்றில்தான் இருந்தது. அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் குதிரை என்றால் அந்த வாசல் நினைவுதான். தொட்டுப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு குதிரை.

தமிழருக்கும் இந்த நாட்டுக் குதிரைக்கும் உள்ள உறவு அதைவிட நெருக்கமானது. மலாயாவின் பந்தய லாயங்களில் விடியற்காலையில் எழுந்து தீனி வைத்து, உடம்பு தேய்த்து, குதிரையைக் கையில் பிடித்து நடத்திய ‘சைஸ்’ என்ற குதிரைப் பராமரிப்பாளர்களில் தமிழர் பலர். 1896இல் தொடங்கிய சிலாங்கூர் பந்தய மன்றம் நெடுங்காலம் ஜாலான் அம்பாங்கில் இருந்தது. இன்று அங்கே பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் தாத்தாவோ தாத்தாவின் தோழரோ அதே மண்ணில் குதிரைக்குத் தண்ணீர் காட்டியிருக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

புக்கிட் கியாராவின் கதை இன்னும் ஆழமாகத் தைக்கிறது. இன்று கோலாலம்பூரின் மிகப் பெயர்பெற்ற குதிரையேற்ற மன்றம் இருக்கும் அந்தக் குன்று முன்பு ரப்பர் தோட்டம். பால் வெட்டியவர்கள் தமிழர்கள். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில், தோட்டக் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஓரத்தில் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தற்காலிகம் என்றுதான் பேச்சு. நிலையான வீடு வரும் என்று காத்திருந்தே நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அங்கிருந்த பூங்கா நிலத்தில் அவர்களுக்கு வீடு கட்டுவதோடு ஆடம்பர அடுக்குமாடிகளையும் சேர்த்துக் கட்டப் போட்ட திட்டத்தை எதிர்த்து அக்கம்பக்கக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தத் திட்டத்தின் அனுமதியை ரத்து செய்த தீர்ப்பை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. பூங்கா பிழைத்தது நல்ல செய்தி. தோட்டத்து மக்களின் வீட்டுக் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

தோட்டத்து நிலம் பிறகு கோல்ஃப் திடலாகவும் பூங்காவாகவும் குதிரை மன்றமாகவும் பிரிந்தது. அந்த மன்றத்தின் லாயத்தில் குதிரை கனைத்தால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம் அதிக தூரமில்லை. அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் வாரம் ஒருமுறை அங்கே போய்க் குதிரையின் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யவும் அதன் முதுகில் ஏறி நடக்கவும் வழி இருந்தால், அது யாரும் போடும் பிச்சை ஆகாது. வீட்டுக்கு அது மாற்றும் ஆகாது. வீடு முதலில். ஆனால் வீடு வரும்வரை பிள்ளைப்பருவம் காத்திருக்காது.

ஏன் வயதான குதிரை? குதிரையேற்றம் தெரிந்தவர்கள் எல்லாருமே எச்சரிப்பது ஒன்று உண்டு: பழகாத பிள்ளையைப் பழகாத குதிரைமேல் ஏற்றாதே. மூன்று வயதுக் குதிரை பிளாஸ்டிக் பை பறந்தால் மிரளும். தூரத்தில் மோட்டார் சைக்கிள் உறுமினால் துள்ளும். பதினாறு, பதினெட்டு வயதுக் குதிரை அதையெல்லாம் ஆயிரம் முறை பார்த்துவிட்டது. முதுகில் இருக்கும் பிள்ளையின் உடம்பு ஒரு பக்கம் சரிந்தால், நன்றாகப் பழகிய முதிய குதிரை நடையைத் தணித்துவிடும். சில நின்றேவிடும். பிள்ளை கடிவாளத்தைத் தவறாக இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும், சரியாகக் கேட்டால் உடனே செய்து காட்டும். பயிற்றுநர் பத்து முறை வாயால் சொல்வதை அது ஒரே அடியெடுப்பில் உடம்புக்குப் புரியவைக்கும். உலகம் முழுவதும் சவாரிப் பள்ளிகள் இத்தகைய குதிரைகளைப் பொன்போலக் காப்பதற்கு இதுதான் காரணம்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரை தானாகவே இப்படி ஆகிவிடுவதில்லை. ஓடு என்பதை மட்டுமே கற்ற குதிரைக்கு நட, நில், திரும்பு, பொறு என்பதைக் கற்றுக்கொடுக்க மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுகளும் ஆகும். சில குதிரைகள் பிள்ளைகளுக்கு ஒருபோதும் ஒத்துவராது. திடலிலிருந்து நேராகப் பிள்ளையின் கைக்குக் குதிரையைக் கொண்டுவருவது ஆபத்து. ஓடி முடித்து, மறுபயிற்சி பெற்று, சவாரிப் பள்ளியில் பல ஆண்டுகள் வேலை செய்து அமைதி அடைந்த குதிரைதான் இங்கே பேசப்படுவது. அப்படிப்பட்டவை கிள்ளான் பள்ளத்தாக்கின் லாயங்களில் ஏற்கெனவே நிற்கின்றன.

குதிரைக்கும் இதில் நன்மை உண்டு. முதிய குதிரையின் மூட்டுகள் தேய்ந்திருக்கும். காலையில் முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும். நாள் முழுக்க லாயத்தில் கட்டிப்போட்டால் அந்த விறைப்பு கூடுமே தவிரக் குறையாது. அளவான, சீரான நடை அதற்கு மருந்து. பத்து வயதுப் பிள்ளை ஏறத்தாழ 30 கிலோ இருக்கும், சேணம் ஏழெட்டு கிலோ. 450 கிலோ குதிரைக்கு அது தன் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. பெரியவர்களைச் சுமக்க முடியாத வயதிலும் ஒரு குதிரை பிள்ளைகளைச் சுகமாகச் சுமக்க முடியும்.

அதன் மனசையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளிடம் மனித முகங்களின் பெரிய படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைப் பார்த்தபோது குதிரைகளின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. இடது கண்ணால் அதை அதிகம் நோக்கின. படத்தில் இருக்கும் முகத்தையே இப்படிப் படிக்கும் விலங்கு, தன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் பயத்தையும் பதற்றத்தையும் படிக்காமலா இருக்கும்? வீட்டில் கத்திப் பழகிய பிள்ளை லாயத்துக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்தக் கற்கிறது. தாழ்த்தாவிட்டால் குதிரை தலையைத் திருப்பிக்கொள்ளும். எந்த வாத்தியாரும் இவ்வளவு நேர்மையாக, இவ்வளவு சீக்கிரம், மதிப்பெண் போடுவதில்லை.

பகிர்தலில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதை மூடி மறைத்தால் இந்த யோசனையே கெட்டுப்போகும். ஒரு குதிரைமேல் நாளுக்கு ஆறு பேர், ஆறுவிதமாகக் காலால் உதைத்து, ஆறுவிதமாகக் கடிவாளத்தை இழுத்தால், குதிரைக்கு எது சைகை எது தவறு என்றே தெரியாமல் போகும். கொஞ்ச நாளில் அதன் வாயும் விலாவும் மரத்துப்போகும். எதற்கும் அசையாது, அல்லது எதற்கெடுத்தாலும் காதைப் பின்னால் மடக்கும். சவாரிப் பள்ளிக் குதிரையைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் களைப்பைத்தான். விழாக்களிலும் கேளிக்கைச் சந்தைகளிலும் நடுப்பகல் வெயிலில் வட்டம் சுற்றும் மட்டக்குதிரைகளின் நிலை இன்னும் மோசம். பிள்ளை இரண்டு நிமிடம் ஏறி, படம் எடுத்து, இறங்கிப் போய்விடும். குதிரையின் பெயர்கூடத் தெரியாது. அதைப் பகிர்தல் என்று சொல்லக் கூடாது. அதை நிறுத்தவேண்டும் என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே எண்ணிக்கை முக்கியம். ஒரு குதிரைக்கு ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒரே பயிற்றுநர், ஒரே விதமான சைகைகள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, முப்பது நாற்பது நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு. அந்த முப்பது நிமிடச் சவாரிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தரையில் வேலை: உடம்பைத் தேய்ப்பது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது, சேணம் படும் இடத்தில் தோல் உரசியிருக்கிறதா என்று பார்ப்பது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, சாணம் சரியாக இருக்கிறதா என்று குறித்துவைப்பது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அதனால் அந்தச் சாணக் குறிப்பேடு விளையாட்டு வேலை அல்ல. பதினொரு வயதுப் பிள்ளை எழுதிய ஒரு வரி கால்நடை மருத்துவரைச் சரியான நேரத்தில் வரவழைக்கும்.

நம் ஊர் வெப்பம் தனியாகப் பேசவேண்டிய விஷயம். குதிரை வியர்த்துத்தான் உடம்பைத் தணிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் நோய் வருகிறது. குளிர்நாட்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்த பந்தய இனக் குதிரைகளுக்கு அது அதிகம். காலை ஒன்பது மணிக்கு முன்னால் அல்லது மாலை ஐந்தரைக்குப் பிறகுதான் சவாரி என்பது எழுதாத சட்டமாக இருக்க வேண்டும். நல்ல லாயங்கள் இதை ஏற்கெனவே கடைப்பிடிக்கின்றன. காலை வகுப்புப் பள்ளிப் பிள்ளைக்கு மாலையும், மாலை வகுப்புப் பிள்ளைக்குக் காலையும் ஒத்துவரும் என்பது நமக்கு வசதி.

பிறகு பல். குதிரையின் பல் வாழ்நாள் முழுக்க மெல்ல மெல்ல ஈற்றிலிருந்து வெளியே வந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும். இருபது வயதைத் தாண்டினால் தேய்வு வெல்லத் தொடங்கும். காய்ந்த புல்லை மெல்ல முடியாமல் உருட்டித் துப்பும். அப்போது ஊறவைத்த தீனி தர வேண்டும். 500 கிலோ குதிரை நாளுக்கு எட்டிலிருந்து பத்து கிலோ வரை புல் தின்னும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். இறக்குமதிக் காய்ந்த புல்லின் விலை, லாடம் அடிப்பவரின் கூலி, பல் ராவும் செலவு எல்லாம் முதிய குதிரைக்கு ஏறுமே தவிர இறங்காது. இந்தச் செலவுதான் பல உரிமையாளர்களை, சாந்தமான குதிரை கையில் இருந்தும், அதை என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கவைக்கிறது.

பிரிட்டனில் இதற்கு நெடுநாள் பழக்கமான ஒரு வழி இருக்கிறது. குதிரை உரிமையாளரிடமே இருக்கும். வேறொரு வீட்டுப் பிள்ளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதைக் கவனித்து, ஓட்டி, செலவில் ஒரு பங்கைத் தரும். எந்த நாள் யாருக்கு, மருத்துவரை யார் அழைப்பது, குதிரைக்கு முடியாமல் போனால் ஒப்பந்தம் எப்படி நிற்கும் என்பதெல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்தாகும். 1929இலிருந்து அங்கே போனி கிளப் பிள்ளைகளுக்குச் சவாரியோடு பராமரிப்பையும் சேர்த்தே கற்றுத் தருகிறது. ஆனால் அந்த வழியில் செலவின் பங்கைத் தர முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை.

அந்த இடத்தை உண்டாக்கிக் காட்டியது லண்டனின் பிரிக்ஸ்டன். கறுப்பினக் குடியேறிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த, வெளியே கெட்ட பெயர் அதிகம் சுமந்த வட்டாரம் அது. அங்கே 1996இல் எபனி ஹார்ஸ் கிளப் தொடங்கியது. முதலில் சொந்த லாயம் இல்லை. பிள்ளைகளை வேறு இடங்களுக்கு அழைத்துச் சென்றார்கள். 2011இல் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே லாயம் எழுந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருசில குதிரைகளைத் தங்களுக்குள் பகிர்ந்து வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பெக்கமைச் சேர்ந்த கதீஜா மெல்லா. 2019இல், 18 வயதில், ஹிஜாப் அணிந்து குட்வுட் திடலில் மக்னோலியா கோப்பைப் பந்தயத்தில் ஓடினார். ஜெயித்தார். பிரிட்டனில் ஹிஜாபோடு பந்தயக் குதிரை ஓட்டிய முதல் பெண் அவர். பணக்கார வீட்டில் பிறக்காத ஒரு பிள்ளை அந்த இடத்தை எட்டியதற்குப் பின்னால், வேறு பல பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்ட பொறுமையான குதிரைகள் சில இருந்தன.

பக்கத்தில் சிங்கப்பூரையும் பார்க்கலாம். உடற்குறை உள்ளவர்களுக்கான குதிரையேற்றச் சங்கம் அங்கே 1982இலிருந்து இயங்குகிறது. உடலிலும் அறிவு வளர்ச்சியிலும் குறை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே சவாரி இலவசம். குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசையும் விதம், மனிதன் நடக்கும்போது இடுப்பு அசையும் விதத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. சொந்தக் காலால் நடக்க முடியாத பிள்ளையின் இடுப்பும் முதுகும் குதிரைமேல் நடையைக் கற்கின்றன. இந்த இயக்கத்துக்கு ஊக்கம் தந்தவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். 1944இல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே அவருக்கு வலு போயிற்று. குதிரைமேல் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூபிலி என்ற பெண்குதிரையோடு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் வென்றார்.

பிரிக்பீல்ட்ஸ் இதைக் கேட்க வேண்டிய இடம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இலிருந்து இயங்குகிறது. அதன் வளாகம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு துன் சம்பந்தன் சாலையைக் கடப்பவர்களை அந்த ஊர் தினமும் பார்க்கிறது. பார்வையில்லாத பிள்ளைக்கு, தன்னைச் சுமந்து, தடம் அறிந்து நடக்கும் ஓர் உயிரின் மேல் உட்கார்வது என்ன விடுதலையாக இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். இதற்கும் சாந்தமான, வயதான குதிரைதான் தேவை. இளங்குதிரையால் இந்த வேலை ஆகாது.

குதிரையேற்றம் பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று ஒரு கேள்வி உடனே எழும். மலாய்க் குடும்பங்கள் அந்த எண்ணத்தை ஏற்கெனவே உடைத்துவிட்டன. சவாரியும் வில்வித்தையும் நபிவழி என்ற ஈடுபாட்டில், ஷா ஆலம், உலு லங்காட், செமினி பக்கங்களில் சிறிய லாயங்கள் பல வந்திருக்கின்றன. பளபளப்பான மன்றக் கட்டடம் கிடையாது. கூரை போட்ட நாலு லாயம், மணல் திடல், அவ்வளவுதான். நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் அங்கே வார இறுதியில் கற்கிறார்கள். இந்த நாட்டில் இந்த விளையாட்டுக்கு உச்சமும் இருக்கிறது: 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் டிரெசாஜ் என்ற குதிரை நடைப் போட்டியின் தனிநபர் பிரிவில் தங்கம் வென்றவர் மலேசியாவின் கபில் அம்பாக். கீழே சிறிய லாயம், மேலே ஆசியத் தங்கம். இரண்டுக்கும் நடுவில் ஏறும் படியில் தமிழ்ப் பிள்ளைகள் மிகக் குறைவு.

காரி தன் குதிரையை இரவலருக்குக் கொடுத்த வள்ளல் என்று தமிழ் படித்த பிள்ளைக்குத் தெரியும். குதிரையைக் கொடுப்பது அந்தக் காலத்தில் பெரிய கொடை. அதே பிள்ளையைக் குதிரையின் கழுத்தைத் தொடச் சொன்னால் பயத்தில் பின்வாங்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் பிள்ளை அல்ல, நாம்.

விழுந்தால்? விழும். குதிரையேற்றத்தில் விழாமல் கற்றவர் கிடையாது. அதனால்தான் தரமான தலைக்கவசம், குதிகால் உள்ள காலணி, மூடிய திடல், கையில் கயிறோடு பக்கத்தில் நடக்கும் பெரியவர், காப்புறுதி இவையெல்லாம் பேரம் பேசாத நிபந்தனைகளாக வேண்டும். பெற்றோருக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே, மறைக்காமல், தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்கும் வீட்டுக்கு, உலகத்தில் ஒலிம்பிக் அளவில் ஆணும் பெண்ணும் ஒரே பிரிவில் நேருக்கு நேர் மோதும் விளையாட்டுகளில் குதிரையேற்றம் முதன்மையானது என்று எடுத்துச் சொல்ல வேண்டும். லிஸ் ஹார்டெல் வென்றதும் ஆண்களோடு போட்டியிட்டுத்தான்.

யார் செய்வது? பெரிய அமைப்பு எதுவும் புதிதாக வேண்டாம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஒரே நாளில் குதிரை கொண்டுவரும் கனவும் வேண்டாம். கிள்ளானில் ஒரு பள்ளி, கோலாலம்பூரில் ஒரு பள்ளி, இரண்டு குதிரை, பத்துப் பிள்ளைகள், ஒரு வருடம். குதிரையைத் தரவேண்டியவர்கள் சவாரி மன்றங்களும், ஓய்வு பெற்ற குதிரையை வைத்திருக்கும் தனி உரிமையாளர்களும். தாளில் எழுதிக் கணக்குப் போட்டால் அவர்களுக்கும் இது சுமையைக் குறைக்கும். தீனிச் செலவில் பாதியை வேறொருவர் ஏற்றால் குதிரை அதே லாயத்தில், பழகிய கைகளோடு, வயதாகும். அந்தப் பாதிக்கு மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவின் நிதியிலும், சிலாங்கூர் மாநிலம் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒதுக்கும் மானியத்திலும் ஒரு சிறு பகுதி கேட்கலாம். கோவில் நிர்வாகங்களும் யோசிக்கலாம். சுதைக் குதிரைக்கு வண்ணம் பூச உபயம் கிடைக்கும் ஊரில் உயிருள்ள குதிரையின் ஒரு மாதப் புல்லுக்கு உபயம் கிடைக்காதா? மருத்துவக் கண்காணிப்புக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவத் துறை இருக்கிறது. மாணவ மருத்துவர்களுக்கும் முதிய குதிரைகளைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பாக அமையும்.

பராமரிப்பைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், முதலில் தேட வேண்டியது ஓய்வு பெற்ற சைஸ்களை. முப்பது நாற்பது ஆண்டுகள் குதிரைகளோடு கழித்து, இப்போது வீட்டில் சும்மா இருக்கும் பெரியவர்கள் அவர்கள். எந்தக் காலில் நொண்டுகிறது என்பதைக் காதால் கேட்டே சொல்லக்கூடியவர்கள். அந்த அறிவு புத்தகம் படித்து வருவதில்லை. பத்துப் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல லாயத்தைக் கூட்டினால், அந்த அறிவு ஒரு தலைமுறை தள்ளிப் பிழைக்கும். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், நன்றி சொல்லி அனுப்பக் கூடாது.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தி மட்டும் யாரும் மறக்காமல் எழுதிச் சேர்க்க வேண்டும். பகிர்ந்த குதிரைக்குச் சேணம் ஏற்ற முடியாத நாள் வரும். 24 வயதிலோ 26இலோ. அன்றைக்கு அதை விற்கக் கூடாது, வேறு ஊருக்குத் தள்ளிவிடக் கூடாது. மேய்ச்சலும் மருத்துவமும் அதற்குத் தொடர வேண்டும். அந்தச் செலவுக்கு முதல் மாதத்திலிருந்தே ஒரு தொகை தனியாக ஒதுங்க வேண்டும். வலி தாங்க முடியாத நிலை வந்தால், மருத்துவரின் சொல்லை ஏற்று, வலியில்லாத முடிவைத் தர வேண்டும். அப்போது பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. குதிரையைக் கவனித்தவர்களுக்கு அதன் கடைசி நாளைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு, விரும்பினால் அன்று காலை வந்து அதன் கழுத்தைத் தடவிவிட்டுப் போகும் உரிமையும் உண்டு.

புக்கிட் கியாரா மன்றமோ, சுங்கை பீசி மன்றமோ, புத்ராஜெயாவின் குதிரையேற்றப் பூங்காவோ, ஷா ஆலத்தில் மணல் திடல் வைத்திருக்கும் ஒரு சிறு லாயமோ, யாராவது ஒருவர் தம் லாயத்தில் நிற்கும் சாந்தமான முதிய குதிரை ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். அவர்கள் எழுதத் தாமதித்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கமே முதலில் எழுதட்டும். பிள்ளைகளின் பெயர், வயது, எடை, எந்த நாள் மாலை வரமுடியும் என்ற விவரத்தோடு.